இரத்தத்தில் ஒரு நீலம்: எல்லப்பிரகட சுப்பாராவ்

என் தாத்தா ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓடையோரமாகக் கீரையும் பீன்ஸும் போட்டு வந்தார். நான் படிவம் ஆறு முடித்த ஆண்டு, அடைமழைக்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. கண்ணில் மஞ்சள். நான்காம் நாள் சிறுநீரே இறங்கவில்லை. எலிக் காய்ச்சல், அதாவது நம் ஊரில் 'கென்சிங் தீக்குஸ்' என்பார்களே, அதுதான். மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்றிரவே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

பாட்டி தினமும் பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துப் போவார். அதை உள்ளே விடமாட்டார்கள். தாத்தாவின் மூக்கில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியே ஒரு சிறிய பம்பு பால் போன்ற ஒன்றைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருக்கும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இயந்திரம். இவ்வளவு பெரிய ஆளுக்கு இந்தச் சொட்டு எப்படிப் போதும், மனுசனைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்கள் என்று பாட்டி வெளியே உட்கார்ந்து அழுவார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவன் நான் என்பதால் மருத்துவர் என்னிடம் பரிசோதனைத் தாளைக் காட்டி விளக்கினார். யூரியா, கிரியேட்டினின், அல்புமின், சி.ஆர்.பி., பாஸ்பேட் என்று வரிசையாக எண்கள். முதல் நாள் பாஸ்பேட் அளவுக்கு மீறி இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அது வெளியேறாமல் தேங்கும். அது எனக்குப் புரிந்தது. ஆனால் குழாய் உணவும் இயந்திரமும் தொடங்கிய சில நாட்களில் அதே பாஸ்பேட் தரை தட்டியது. நரம்பு வழியாகப் பாஸ்பேட் ஏற்றினார்கள். அது புரியவில்லை.

பல்கலைக்கழக முதலாண்டில், உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை அளக்கும் பாடம் வந்தது. கையேட்டில் அந்த முறையின் பெயர் 'ஃபிஸ்கே–சுப்பாராவ்' என்றிருந்தது. வெள்ளைக்காரப் பெயருக்குப் பக்கத்தில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று. யாரென்று தேடினேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. அவரைப் படிக்க வைத்து மருத்துவராக்கியது சென்னை. தந்தை ஜெகன்னாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டுவிட்டார். ஏழு பிள்ளைகள். தாய் வெங்கம்மாதான் குடும்பத்தை இழுத்தார். சுப்பாராவ் ஒன்றும் படிப்பில் புலி அல்ல. பதின்ம வயதில் காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். அம்மா பிடித்து இழுத்து வந்துவிட்டார். பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறைதான் தேறினார். எஸ்.பி.எம். தேர்வில் சறுக்கிவிட்டு வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் இருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட ஆசைப்பட்டார். மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று திருப்பிவிடப்பட்டு, சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்கள். 1919-இல் சேஷகிரியை மணந்தார்.

அந்நியத் துணியைப் புறக்கணிக்கும்படி காந்தி கேட்டிருந்த காலம் அது. சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகச் செய்திருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுக்கப்பட்டது. ஒரு கதர் அங்கியின் விலை அது. அரசு மருத்துவப் பணிக்குப் போக முடியாமல், சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இதற்கிடையில் அந்தக் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்கிற நோய். நம் வைத்தியர்கள் இதைக் கிராணி என்பார்கள். இந்த நோயில் குடல் உணவை உறிஞ்ச மறுத்துவிடும். எவ்வளவு ஊட்டினாலும் வயிற்றோட்டமாகப் போய்விடும். இரத்தம் சுண்டி, வாய் புண்ணாகி, சோற்றுப் பானை பக்கத்தில் இருக்கும்போதே ஆள் பட்டினியில் இறப்பான். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். தன்னைக் காப்பாற்றிய மருந்தில் என்ன இருந்தது, தன் சகோதரர்களின் உடலில் என்ன இல்லாமல் போனது என்ற கேள்வி அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவில்லை என்றே அவர் பின்னாளில் செய்த வேலைகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

மாமனார் தந்த பணமும், மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் சேர, 1922 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் போஸ்டனில் இறங்கினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனார். மூன்றாண்டில் திரும்பிவிடுவதாகப் பேச்சு.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். கையில் காசில்லை, அவருடைய சான்றிதழை வைத்து அங்கே மருத்துவராக வேலை செய்யவும் முடியாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டியையும் சிறுநீர்க் குடுவையையும் எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பது வேலை. ஒரு மருத்துவர் இதைச் செய்தார் என்று கட்டுரைகளில் பரிதாபமாக எழுதுகிறார்கள். தாத்தாவுக்குச் சிறுநீர் இறங்குகிறதா என்று மணிக்கொருமுறை அந்தப் பையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்ட தாதியரைப் பார்த்த எனக்கு அது பரிதாபமாகத் தெரியவில்லை. அதே பிரிகாம் மருத்துவமனையில்தான் 1948-இல் டயாலிசிஸ் தொடங்கியது. 1954-இல் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் அங்கேதான் நடந்தது.

பட்டயம் வாங்கியதும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு நல்ல வழி கண்டுபிடிப்பது. ஏற்கெனவே இருந்த முறைகள் மெதுவானவை, நம்ப முடியாதவை. 1925-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வெளியிட்ட முறை எளிமையானது. இரத்தத்தில் அமிலம் விட்டால் புரதம் திரிந்து அடியில் தங்கும். தெளிந்த நீரில் மாலிப்டேட் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். அதனுடன் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பேட் அதிகம், வெளிறி இருந்தால் குறைவு. நாங்களும் அந்த ஆய்வகத்தில் இதைத்தான் செய்தோம். சோதனைக் குழாயில் நீலம் ஏறுவதைப் பார்ப்பது அழகாக இருக்கும். இன்றைய மருத்துவமனைக் கருவிகள் பல அந்த நீலம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆனாலும் பாஸ்பேட்டைப் பிடிக்கும் தூண்டில் இன்றும் அதே மாலிப்டேட்தான்.

இந்த முறையைத் தசையில் பயன்படுத்தியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. நீலம் சட்டென்று நிற்காமல் நேரம் போகப் போக ஏறிக்கொண்டே இருந்தது. கவனக்குறைவான ஒருவர் இதைப் பிழை என்று விட்டிருப்பார். தசைக்குள் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று இவர்கள் ஊகித்தார்கள். அது கிரியேட்டினும் பாஸ்பேட்டும் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின். 1927-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே சமயத்தில் அந்தப் பொருளைத் தொட்டிருந்தார்கள். தசை வேலை செய்தால் அது குறைகிறது, ஓய்வெடுத்தால் மீண்டும் சேர்கிறது. தசை எப்படி இயங்குகிறது என்பதற்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற விளக்கத்தையே இது அசைத்துவிட்டது.

இந்தக் கிரியேட்டினிலிருந்து சிந்துகிற கழிவுதான் கிரியேட்டினின். தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் தசையிலிருந்து வரும்; சிறுநீரகம் அதை வெளியேற்றும். சிறுநீரகம் படுத்துவிட்டால் இரத்தத்தில் ஏறும். அதனால்தான் சிறுநீரக நோயாளி என்றதும் எல்லாரும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பவருக்குத் தசையே கரைந்துபோகும். தசை இல்லையேல் கிரியேட்டினினும் குறைவு. எண் இறங்குகிறதே என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, உண்மையில் இறங்குவது ஆளின் சதையாக இருக்கலாம்.

1929-இல் அடுத்தது: ஏ.டி.பி. படிவம் ஆறு உயிரியலில் மூன்று பாஸ்பேட் வட்டங்கள் போட்டு மனப்பாடம் செய்கிறோமே, அதேதான். ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே ஆண்டு அதைக் கண்டறிந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் அவர் பெயரையே சொல்கின்றன. உடலின் ஒவ்வொரு செல்லும் சக்தியைச் செலவழிப்பது இந்தப் பாஸ்பேட் நாணயத்தில்தான்.

தாத்தாவின் தாளில் பாஸ்பேட் ஏன் விழுந்தது என்பது எனக்கு இங்கே விளங்கியது. சில நாட்கள் பட்டினி கிடந்த உடலுக்குள் உணவு போனதும் இன்சுலின் சுரக்கிறது. சர்க்கரையை எரிக்கவும் ஏ.டி.பி. செய்யவும் செல்கள் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை அள்ளிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு டயாலிசிஸ் இயந்திரமும் அதை வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அது வற்றினால் மூச்சு விடும் தசையே ஓய்ந்துவிடும், இதயமும் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, நீண்ட பட்டினியிலிருந்து மீண்ட கைதிகள் சிலர் உணவு கிடைத்த பிறகு நிலை மோசமாகி இறந்தார்கள் என்று மருத்துவப் பதிவுகள் உண்டு. அந்தப் பம்பு சொட்டுச் சொட்டாகப் போனதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல.

அப்படியானால் மெதுவாகத் தொடங்கிப் பிறகு நிறையக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இங்கேதான் சி.ஆர்.பி. வருகிறது. 1930-இல் நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்ட புரதம் இது. உடலில் அழற்சித் தீ பற்றினால் கல்லீரல் இதைக் கொட்டும். அதே தீயில் அல்புமின் விழும். அல்புமின் குறைந்தால் நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று பொருள் என நானும் நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் சாப்பாட்டின் கணக்கு அல்ல; தீயின் கணக்கு. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது உடல் தன் தசையையே உடைத்து எரிக்கிறது. வெளியிலிருந்து வரும் புரதத்தைச் சரியாகக் கட்டிச் சேர்க்க அதற்கு முடிவதில்லை. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வு, கவனமான ஊட்டச்சத்து உயிர் காக்கிறது என்று காட்டியது. அவர்கள் சாதாரண வார்டு நோயாளிகள். ஆனால் அவர்களிலேயே சி.ஆர்.பி. லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2023-இல் வெளியான இன்னொரு ஆய்வு, தீவிர சிகிச்சையில் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.2 கிராம் அல்லது அதற்கு மேல் புரதம் கொடுத்துப் பார்த்தது. பலன் இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது கெடுதலாகவே முடிந்ததாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. டயாலிசிஸைத் தள்ளிப்போடப் புரதத்தைக் குறைக்காதீர்கள் என்றுதான் சிறுநீரக மருத்துவ வழிகாட்டிகளும் சொல்கின்றன. இயந்திரம் ஒவ்வொரு நாளும் அமினோ அமிலங்களையும், நீரில் கரையும் வைட்டமின்களையும் சேர்த்தே கழுவிவிடுகிறது. எனவே கொடுக்கத்தான் வேண்டும், அளந்து, நாளுக்கு நாள் பார்த்து. 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.5 கிராம் என்றது. சோற்றுக்கும் உடம்புக்கும் நடுவில் இப்படியொரு கணக்கு இருக்கிறது என்பது பாட்டிக்கும் எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை.

சுப்பாராவ் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. அங்கே அவருடன் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமல் போய், பிறகு மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று கருதினார். 1940-இல் சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். கைதேர்ந்த விஞ்ஞானி வியாபாரத்துக்குப் போய்விட்டார் என்று சிலர் நினைத்திருக்கலாம். அவருடைய பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது அங்கேதான்.

அந்தப் பதிலின் முதல் பாதி இந்தியாவில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். நீலகிரியின் குன்னூரிலும் சென்னையிலும்கூட வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அதிலிருக்கும் பொருள் என்னவென்று தெரியாமலேயே கர்ப்பிணிகள் பிழைத்தார்கள். 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். சுப்பாராவின் தலைமையில் லெடர்லி குழு 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டதாக அறிவித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கு மீண்டும் இரத்தம் ஊறியது.

அதே நிறுவனத்தில், அதே ஆண்டுகளில், பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்டெடுத்தார். ஆரியோமைசின் என்ற அதுதான் டெட்ராசைக்ளின் வகையில் முதலாவது. சுப்பாராவின் ஆய்வுத் துறையில்தான் அந்த வேலை நடந்தது. இன்று ஒருவருக்கு வெப்பமண்டல ஸ்ப்ரூ வந்தால் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது இரண்டு மருந்துகள்: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். இரண்டும் அந்த ஒரே இடத்திலிருந்து வந்தவை. சகோதரர்களுக்குக் கால் நூற்றாண்டு தாமதமாகிவிட்டது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, செல்லை ஏமாற்றி அதன் வளர்ச்சியை நிறுத்தும் பொருள்களையும் அவருடைய குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை போஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல், முதன்முறையாகச் சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும், மூட்டுவாத அழற்சியைத் தணிக்கவும் பயன்படுகிறது. அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. அதிக அளவில் சிறுநீரகத்தையே காயப்படுத்தவும் கூடும். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவருடைய குழுவின் கைவண்ணமே.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. நோபல் கிடைக்கவில்லை. 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது.

தாத்தா ஏழு வாரத்துக்குப் பிறகு வீடு திரும்பினார். சட்டை தோளில் தொங்கியது. இப்போது ஓடைப் பக்கம் போவதென்றால் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போகிறார். சென்ற விடுமுறையில் ரிங்லெட்டுக்குப் போயிருந்தபோது, பாட்டி பீரோவில் பத்திரப்படுத்தியிருந்த பழைய பரிசோதனைத் தாள்களை எடுத்து, அந்தப் பாஸ்பேட் வரியைக் காட்டி, மலச்சட்டி கழுவிய டாக்டரின் கதையைச் சொன்னேன். ஏ.டி.பி., ஃபோலிக் அமிலம் எல்லாவற்றையும் பாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ஊரில் விட்டுப்போன பெண்டாட்டியை வந்து பார்த்தாரா என்று. போனவர் திரும்பவே இல்லை பாட்டி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்து போனார்.